ஒத்திருப்பது வேறு, ஒத்துப்போவது வேறு: ஆண் இணையரின் பின்னணியும் மனப்பொருத்தமும்

ஒத்திருப்பதும் ஒத்துப்போவதும் ஒரே வேரில் கிளைத்த சொற்கள். அதனாலோ என்னவோ, ஒன்று இருந்தால் மற்றொன்றும் இருக்கும் என்று எளிதில் நம்பிவிடுகிறோம். ஒரே மாதிரியான குடும்பம், ஏறத்தாழ ஒரே வயது, ஒரே அளவு படிப்பு, ஒரே நம்பிக்கை என்று இருவர் ஒத்திருந்தால் அவர்கள் ஒத்துப்போவார்கள் என்பது திருமணத் தரகர் முதல் டேட்டிங் செயலி வரை பலருக்கும் பிழைப்பு தரும் கொள்கை. இதை உரசிப் பார்க்க ஏற்ற இடம், தன்பாலீர்ப்பு கொண்ட ஆண்கள் இணையராக வாழும் வீடு. பின்னணியில் ஒருவரையொருவர் குறைவாக ஒத்திருப்பவர்கள் அவர்களே. ஆனாலும் ஒத்துப்போவதில் அவர்கள் யாருக்கும் பின்தங்கியவர்களாகத் தெரியவில்லை.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். இனம் இனத்தோடு சேரும் என்பதைச் சமூகவியலாளர்கள் நெடுங்காலமாக அளந்துவருகிறார்கள். பால் லாசர்ஸ்ஃபெல்டும் ராபர்ட் மெர்ட்டனும் 1954இல் அதற்கென ஒரு கலைச்சொல்லையே உருவாக்கினார்கள். கிறிஸ்டின் ஷ்வார்ட்ஸ், நிக்கி கிராஃப் என்ற இருவர் 1990, 2000 ஆகிய ஆண்டுகளின் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பை எடுத்து, சேர்ந்து வாழும் இணையர் இனத்திலும் வயதிலும் கல்வியிலும் எவ்வளவு பொருந்துகிறார்கள் என்று ஆராய்ந்து 2009இல் வெளியிட்டார்கள். மொத்தத்தில் ஆண்-பெண் இணையரே அதிகம் ஒத்திருந்தார்கள். ஆண் இணையர் கடைசியில் நின்றார்கள். 2010ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பும் இதே திசையைக் காட்டியது. வெவ்வேறு இனத்தைச் சேர்ந்த இருவர் இணைந்த குடும்பங்கள், மணமான ஆண்-பெண் இணையரில் 9.5 சதவீதம்; மணமாகாமல் சேர்ந்து வாழும் ஆண்-பெண் இணையரில் 18.3 சதவீதம், ஒரே பாலின இணையரில் 20.6 சதவீதம்.

இந்த மூன்று எண்களில் கடைசி இரண்டும் அருகருகே இருப்பதைக் கவனிக்க வேண்டும். பாலீர்ப்பு மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. திருமணம் என்ற வாசலில் நின்று வடிகட்டுகிறவர்கள் இல்லாத இடத்தில் எல்லோருமே கொஞ்சம் கூடுதலாகக் கலக்கிறார்கள். தன்பாலீர்ப்பு ஆண்களுக்கு மிக நீண்ட காலம் அந்த வாசலே கிடையாது. பெற்றோர் பார்த்துச் சொல்வதும் கிடையாது. மைக்கேல் ரோசன்ஃபெல்டும் பியுங்-சூ கிம்மும் 2005இல் காட்டியபடி, ஒரே பாலின இணையரும் கலப்பு இன இணையரும் பிறந்த இடத்தை விட்டு வெகுதூரம் போனவர்களாக இருக்கும் வாய்ப்பு அதிகம். வீட்டை விட்டுத் தள்ளிப் போனால்தான் இப்படி வாழ முடிந்தது என்பது ஒரு பக்கம். போன இடத்தில் கண்ணில் படுகிறவர்கள் வேறு பின்னணிக்காரர்களாக இருப்பார்கள் என்பது மறுபக்கம்.

இதோடு எண்ணிக்கையின் நெருக்கடியும் சேர்ந்துகொள்கிறது. ஒரு பெரிய கூட்டத்தில் தன்னை விரும்பக்கூடியவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவுக்கே இருந்தால், அவர்களுக்குள் தன் வயது, தன் படிப்பு, தன் மதம் என்று மேலும் சலித்துக்கொண்டே போக முடியாது. சலித்தால் சல்லடையில் எதுவும் மிஞ்சாது. இணையம் இந்த நெருக்கடியைத் தளர்த்தியது. 2017இல் எடுக்கப்பட்ட ஓர் அமெரிக்கக் கருத்தாய்வின்படி, அண்மையில் இணைந்த ஆண்-பெண் இணையரில் 39 சதவீதத்தினர் இணையம் வழியே சந்தித்திருந்தார்கள். ஒரே பாலின இணையரிடம் அது ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. தேர்வு பெருகியவுடன் சல்லடையும் திரும்பி வந்தது. செயலிகளில் இனத்தையும் நிறத்தையும் உடல்வாகையும் குறிப்பிட்டு ‘இன்னார் வேண்டாம்’ என்று எழுதி வைப்பது சாதாரணமாகிவிட்டது. இன அடிப்படையில் ஆட்களை வடிகட்டும் வசதியை நீக்குவதாக, தன்பாலீர்ப்பு ஆண்களின் டேட்டிங் செயலியான கிரைண்டர் 2020 ஜூனில் அறிவித்தது அதன் பிறகுதான். ஒதுக்கப்பட்டவர்களாக வளர்ந்தவர்கள் ஒதுக்க மாட்டார்கள் என்று எதிர்பார்ப்பது நியாயமாகத் தோன்றலாம். நடப்பு அந்த எதிர்பார்ப்பை மதிப்பதில்லை.

சரி, பின்னணியில் ஒத்திராதவர்கள் மகிழ்ச்சியாக இல்லையா? பொதுவாக எல்லா இணையரையும் பற்றிய ஆய்வுகளே இங்கு ஒரு குட்டை உடைக்கின்றன. மத்தேயு மொன்டோயாவும் சக ஆய்வாளர்களும் 2008இல் 313 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். முன்பின் அறியாத இருவர் முதல்முறை சந்திக்கும்போது, குணத்திலும் கருத்திலும் உண்மையான ஒற்றுமை இருந்தால் ஈர்ப்பு கூடுகிறது. ஏற்கெனவே உறவில் இருப்பவர்களிடம் உண்மையான ஒற்றுமையின் விளைவு கரைந்துவிடுகிறது. நிலைத்து நிற்பது, ‘நாங்கள் ஒரே மாதிரி’ என்ற உணர்வு மட்டும். அந்த உணர்வு மகிழ்ச்சிக்குக் காரணமா, மகிழ்ச்சியின் விளைவா என்பது தனிக் கேள்வி. பிடித்தவரிடம் நம் சாயலைக் காண்பது மனிதருக்குக் கைவந்த கலை. 2020இல் சமந்தா ஜோயல் தலைமையில் 11,196 இணையரின் தரவுகளைக் கணினி கொண்டு அலசியபோதும், தனித்தனியே இருவரும் எப்படிப்பட்டவர்கள் என்பதைவிட அந்த உறவுக்குள் என்ன உணர்கிறார்கள் என்பதே திருப்தியைக் கணிக்க அதிகம் உதவியது. மற்றவர் இந்த உறவில் ஊன்றி நிற்கிறார் என்ற நம்பிக்கை, தன் அருமை அவருக்குத் தெரிகிறது என்ற எண்ணம் போன்றவை அதில் முன்னே நின்றன.

ஆண் இணையரை மட்டும் பிரித்துப் பார்த்த தரவுகள் இவ்வளவு பெரியவை அல்ல. இணையருக்கிடையிலான ஒற்றுமையைப் பற்றி 2023இல் வெளியான மாபெரும் தொகுப்பாய்வு ஒன்று ஒரே பாலின இணையரைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அவர்களிடம் போக்கு வேறாக இருக்கக்கூடும் என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். ஆனால் லாரன்ஸ் கர்டெக் என்ற உளவியலாளர் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆண் இணையர், பெண் இணையர், மணமான ஆண்-பெண் இணையர் எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டுவந்தார். 2004இல் அவர் தொகுத்த ஒப்பீடுகளில் பாதியில் வேறுபாடே இல்லை. வேறுபாடு இருந்தவற்றில் பெரும்பாலானவற்றில் ஒரே பாலின இணையரின் நிலையே நன்றாக இருந்தது. குடும்பத்திடமிருந்து கிடைக்கும் ஆதரவு அவர்களுக்குக் குறைவு என்பது விதிவிலக்குகளில் ஒன்று.

கணக்கெடுப்புப் படிவத்தில் கட்டம் இல்லாத ஒரு பின்னணி இருக்கிறது. என் பார்வையில் மனப்பொருத்தத்தின் முடிச்சு அங்கேதான் விழுகிறது. அது, ஒளிந்து வளர்ந்த பின்னணி.

சிறுபான்மை மதத்திலோ இனத்திலோ பிறக்கும் குழந்தைக்கு ஏளனத்தை எப்படித் தாங்குவது என்று பெற்றோர் சொல்லிக் கொடுப்பார்கள். அவர்களும் அதைத் தாங்கியவர்கள். தன்பாலீர்ப்பு கொண்ட பையனுக்கு அந்தப் பாடத்தை நடத்த வீட்டில் யாரும் இருப்பதில்லை. பல வீடுகளில் ஏளனமே வீட்டுக்குள்ளிருந்துதான் வருகிறது. அவனே தட்டுத்தடுமாறி ஒரு வழி கண்டுபிடிக்கிறான். ஒருவன் எல்லோருக்கும் நல்ல பிள்ளையாகி, வகுப்பில் முதலாவதாக வந்து, கேள்வி எழாமல் பார்த்துக்கொள்கிறான். இன்னொருவன் பேச்சைக் குறைத்துக்கொள்கிறான். வேறொருவன் பிறர் சிரிப்பதற்கு முன்பே தன்னைப் பற்றித் தானே கேலி பேசிவிடுகிறான். மற்றொருவன் சண்டைக்காரன் ஆகிறான். நால்வரும் ஒரே மழையில் நனைந்தவர்கள், ஆனால் ஆளுக்கொரு கூரை போட்டுக்கொண்டவர்கள். இருபது ஆண்டுகள் கழித்து இவர்களில் இருவர் ஒரு வீட்டில் குடியேறும்போது, ‘உனக்கும் அப்படித்தானா, எனக்கும் அப்படித்தான்’ என்ற முதல் சில மாதங்களின் பரவசம் உண்மையானது. வாழ்க்கையில் முதன்முறையாக விளக்கவுரை இல்லாமல் பேச முடிகிறது. ஆனால் வாடகை, உடல்நலம், உறவினர் என்று ஏதோ ஒன்று நெருக்கும்போது இருவரும் அவரவர் பழைய கூரைக்குள் ஓடிவிடுகிறார்கள். ஒருவர் சிரித்து மழுப்புவார், மற்றவர் வாயை மூடிக்கொள்வார். காயம் ஒன்றாக இருப்பதால் கட்டும் ஒன்றாக இருக்கும் என்று நினைத்திருந்தவர்களுக்கு இது பெரிய ஏமாற்றம்.

இலான் மேயர் 1995இலும் 2003இலும் விரித்து எழுதிய சிறுபான்மை மன அழுத்தக் கோட்பாடு இந்த இடத்தைப் புரிந்துகொள்ள உதவுகிறது. வெளியிலிருந்து வரும் வன்முறை, பாகுபாடு ஆகியவை ஒரு வகை அழுத்தம். புறக்கணிக்கப்படுவோம் என்று எதிர்பார்த்துக்கொண்டே இருப்பது, மறைப்பது, தன்மீதே அருவருப்பு கொள்வது ஆகியவை உள்ளே வேர்விட்ட வகை. 2009இல் மேயரும் டேவிட் ஃப்ராஸ்ட்டும் சேர்ந்து செய்த ஆய்வில் நுணுக்கமான ஒரு பிரிப்பு கிடைத்தது. தன்மீது கொண்ட அந்த உள்வெறுப்பு, உறவுச் சிக்கல்களோடு தெளிவாகத் தொடர்புகொண்டிருந்தது. ஒருவர் ஊருக்கு எவ்வளவு வெளிப்படையாக இருக்கிறார் என்பதைத் தனியே கணக்கில் எடுத்த பிறகும் அந்தத் தொடர்பு நீடித்தது. வேறு வார்த்தையில் சொன்னால், வெளியே மௌனமாக இருப்பதும் உள்ளே வெட்கப்படுவதும் ஒன்றல்ல. வேலை போய்விடும் என்று அலுவலகத்தில் வாய் திறக்காதவர், வீட்டுக்குள் கதவைச் சாத்தியதும் இணையின் கையை இயல்பாகப் பிடித்துக்கொள்ளலாம். ஊர்வலத்தில் கொடி பிடிக்கிறவர் வீட்டில் தொடுதலுக்குக் கூசலாம்.

இணையரில் இருவரும் இந்தப் பயணத்தில் ஒரே மைல்கல்லில் நிற்பது அரிது. அல்லென் லெபிளாங்க், ஃப்ராஸ்ட், ரிச்சர்ட் வைட் ஆகியோர் 2015இல் எழுதிய கட்டுரை, சிறுபான்மை அழுத்தத்தைத் தனிமனிதருக்கு மட்டும் உரியதாகப் பார்க்காமல் இணைக்கு உரியதாகவும் பார்க்கச் சொன்னது. ஒருவரின் அழுத்தம் மற்றவருக்குத் தொற்றுகிறது. இருவரின் அழுத்தமும் சமமில்லாதபோது அந்தச் சமமின்மையே புதிய அழுத்தமாகிறது. நடைமுறையில் இது மிகச் சிறிய காட்சிகளில் தெரியும். தொலைபேசியில் அம்மா அழைத்தால் பக்கத்து அறைக்குப் போய்விடுகிறவர். விருந்தினர் வருமுன் சுவரிலிருந்து இறங்கும் புகைப்படம். வீட்டு உரிமையாளரிடம் ‘நண்பர்’ என்ற அறிமுகம். மருத்துவமனைப் படிவத்தில் நெருங்கிய உறவினர் என்ற இடத்தில், பத்தாண்டு உடன் வாழ்ந்தவரை விட்டுவிட்டு எழுதப்படும் அண்ணனின் பெயர். வெளிப்படையாக இருப்பவருக்கு ஒவ்வொன்றும் ‘உன்னைப் பற்றி எனக்கு வெட்கம்’ என்று கேட்கும். மறைப்பவருக்கு ஒவ்வொரு கேள்வியும் ‘உன் குடும்பத்தை இழந்தாலும் எனக்கென்ன’ என்று கேட்கும். இருவருக்கும் கேட்பது ஓரளவு தவறாகவே கேட்கிறது.

படிப்பு, வசதி, குடும்ப அமைப்பு என்று நாம் முதலில் ஒதுக்கி வைத்த பின்னணி பின்வாசல் வழியாக உள்ளே வருவது இங்கேதான். வெளிப்படுவதற்கு ஒவ்வொருவரும் கொடுக்க வேண்டிய விலை ஒன்றல்ல. சொந்த வருமானமும் தொலைவில் வீடும் உள்ளவருக்கு ஒரு கசப்பான வாரத்தோடு முடிந்துவிடுவது, குடும்பத் தொழிலில் இருப்பவருக்கும் குடியேறிய சிறு சமூகத்துக்குள் வாழ்பவருக்கும் இருக்கும் வீட்டையே இழப்பதில் முடியலாம். ‘நான் சொல்லிவிட்டேன், நீ ஏன் சொல்லவில்லை’ என்று கேட்பவர் பெரும்பாலும் தம் துணிச்சலைக் கணக்கிடுகிறார். தமக்கு அமைந்த வசதியைக் கணக்கில் எடுப்பதில்லை. பின்னணி ஒத்திருந்தால் இந்த ஒரு விஷயத்தில் நன்மை உண்டு: விலையை விளக்க வேண்டியதில்லை. ஒத்திராவிட்டால் விளக்க வேண்டும், மற்றவர் நம்ப வேண்டும். கலப்புப் பின்னணி இணையருக்குக் கூடுதலாக விழும் வேலை இந்த மொழிபெயர்ப்பு வேலைதான்.

இனி, இருவரும் ஆண்கள் என்ற விஷயம். அழாதே, அசையாதே, கேட்காதே என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்களுக்குத் தம் உணர்ச்சிக்குச் சொல் கிடைக்காமல் போவதை ரொனால்ட் லெவண்ட் 1990களின் தொடக்கத்திலேயே ஆண் வளர்ப்பின் இயல்பான விளைவாக விவரித்தார். அப்படிப்பட்ட இருவர் சேர்ந்தால் ஊமையும் ஊமையும் சேர்ந்த கதைதானே என்று தோன்றும். 1980களில் பல சிகிச்சையாளர்கள் அப்படியே நினைத்தார்கள்: பெண் இணையர் ஒருவருக்குள் ஒருவர் கரைந்துவிடுவார்கள், ஆண் இணையர் விலகியே நிற்பார்கள் என்பது அவர்களின் வாய்ப்பாடு. ராபர்ட்-ஜே கிரீனும் சகாக்களும் 1996இல் அதை அளந்து பார்த்தபோது வாய்ப்பாடு பொய்த்தது. ஆண் இணையர், மணமான ஆண்-பெண் இணையரைவிட நெருக்கத்திலும் வளைந்து கொடுப்பதிலும் கூடுதலாகவே இருந்தார்கள். ஓர் ஆணை நேசிக்கிறேன் என்று தனக்குத்தானே ஒப்புக்கொள்வதற்குள் ஆண்மை பற்றிய பாடப்புத்தகத்தின் முக்கியப் பக்கங்களைக் கிழித்துப் போட்டிருக்க வேண்டும் என்பதே இதற்கு நம்பத்தக்க விளக்கம். கிழிப்பதிலும் ஆளுக்கு ஆள் வேறுபாடு உண்டு. முதல் பக்கத்தைக் கிழித்துவிட்டு மீதிப் புத்தகத்தைப் பத்திரமாக வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள்.

ஜான் காட்மனும் ராபர்ட் லெவென்சனும் 21 ஆண் இணையரையும் 21 பெண் இணையரையும் 12 ஆண்டுகள் பின்தொடர்ந்து, சச்சரவின்போது அவர்களின் முகபாவத்தையும் குரலையும் உடலின் படபடப்பையும் பதிவு செய்தார்கள். முடிவுகள் 2003இல் வெளியாயின. கருத்து வேறுபாட்டைப் பேசத் தொடங்கும்போது ஒரே பாலின இணையரிடம் ஆண்-பெண் இணையரைவிடக் கடுமையும் அதிகாரத் தொனியும் குறைவு, நகைச்சுவை அதிகம். சொன்னதை மனத்தில் குத்தலாக ஏற்றிக்கொள்வதும் குறைவு. இருவரும் சமம் என்ற எண்ணம் அடியில் ஓடுவதால் இது நடக்கிறது என்று அவர்கள் கருதினார்கள். ஆனால் ஆண் இணையருக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை இருந்தது. பேச்சைத் தொடங்கியவர் கசப்பின் எல்லையை மீறிவிட்டால், மற்றவர் எடுக்கும் சமாதான முயற்சி மற்ற இணையரிடம் பலிப்பதுபோல் பலிப்பதில்லை. குழந்தைப் பருவத்தில் கண்டுபிடித்த அந்தக் கூரைகளை இங்கே நினைத்துக்கொள்ளலாம். நிராகரிப்பை எதிர்பார்த்தே பழகிய காதுக்கு, ஓர் எல்லைக்கு மேல் உயர்ந்த குரல் ‘போய்விடு’ என்றுதான் கேட்கும். அதன்பின் வரும் ‘விடு, மன்னித்துவிடு’ அந்தக் காதில் விழுவதில்லை. இது என் ஊகமே. அந்த ஆய்வு இப்படிச் சொல்லவில்லை.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பிலிப் புளூம்ஸ்டைனும் பெப்பர் ஷ்வார்ட்ஸும் 1983இல் வெளியிட்ட பெரும் ஆய்வில், ஆண் இணையரிடம் யார் அதிகம் சம்பாதிக்கிறாரோ அவர் பேச்சே எடுபட்டது. பெண் இணையரிடம் அப்படி இல்லை. ஆணின் மதிப்பு அவன் வருமானம் என்ற பக்கத்தை இருவருமே கிழிக்க மறந்துவிடுகிறார்கள் போலும். வயது வேறுபாட்டைவிட அதனோடு ஒட்டி வரும் பணமே உரசலுக்குக் காரணமாவதும் உண்டு.

இருவர் ஒத்துப்போவதாக நினைத்துக்கொண்டே ஒத்துப்போகாமல் இருக்க முடியும் என்பதற்கு ஒரு கூர்மையான சான்று, சான்பிரான்சிஸ்கோவில் 566 ஆண் இணையரிடம் நடந்த ஆய்வு, 2010இல் வெளியானது. இணைக்கு வெளியே பாலுறவு கூடுமா கூடாதா என்று தங்களுக்குள் என்ன உடன்பாடு என்பதை இருவரிடமும் கேட்டார்கள். 45 சதவீதம் ஒருவருக்கொருவர் மட்டுமே என்றார்கள், 47 சதவீதம் திறந்த உறவு என்றார்கள். மீதி 8 சதவீதத்தில் இருவர் சொன்ன பதிலும் பொருந்தவில்லை. பின்னணியில் எவ்வளவு ஒத்திருந்தாலும் ‘அதெல்லாம் அவனுக்குத் தெரியும்’ என்று விட்டுவைத்த இடத்தில் ஒத்துப்போதல் வழுக்கிவிடுகிறது. டேவிட் மெக்வர்ட்டரும் ஆண்ட்ரூ மாட்டிசனும் 156 ஆண் இணையரை ஆராய்ந்து 1984இல் இதையே வேறு கோணத்தில் சொன்னார்கள். அவர்களும் இணையராக வாழ்ந்தவர்கள். உறவு ஆறு கட்டங்களாக வளர்கிறது, இருவரும் ஒரே நேரத்தில் ஒரே கட்டத்துக்குள் நுழைவதில்லை, தகராறுகளில் பல இந்த முன்பின் வேறுபாட்டால் வருகின்றன என்பது அவர்களின் கருத்து. ஒருவர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்க விரும்பும் காலத்தில் மற்றவர் பழைய நண்பர்களைத் தேடிப் போகத் தொடங்குகிறார். இருவரில் யாரும் மாறிப்போகவில்லை, அன்பும் குறையவில்லை. ஒருவரின் கடிகாரம் சற்று வேகமாக ஓடுகிறது, அவ்வளவே.

இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை அமெரிக்க நகரங்களில், பெரும்பாலும் படித்த வெள்ளையரிடம் எடுக்கப்பட்டவை. அதைவிட முக்கியமான குறை வேறொன்று. கணக்கெடுப்பு அலுவலரிடம் ‘நாங்கள் இணையர்’ என்று சொன்னவர்கள்தான், ஆய்வுக்கூடத்தில் கேமரா முன் சேர்ந்து அமர்ந்தவர்கள்தான் இந்த எண்களுக்குள் வந்திருக்கிறார்கள். ஒருவர் தயாராக இருந்து மற்றவர் தயாராக இல்லாத வீடுகளில் அந்தப் படிவத்தின் உறவு என்ற கட்டத்தில் ‘அறை நண்பர்’ என்று எழுதப்பட்டிருக்கும்.